எட்டு கஜ வாசல்

கால்பந்தாட்டத்தில் ஒரு கட்சிக்குப் பதினோரு பேர் என்பது கணக்கு. ஆனால் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் பத்துப் பேர் ஓடுவதுதான் கண்ணில் படும். பதினோராவது ஆள் எட்டு கஜ அகலமும் எட்டு அடி உயரமும் உள்ள ஒரு வாசலில் நின்று கொண்டிருப்பார். ஊர்களில் இராக் காவல்காரனுக்கு ஒரு தலைவிதி உண்டு. வருஷம் முழுவதும் அவன் கண் விழித்தாலும் ஏன் என்று கேட்பாரில்லை. ஒரு வீட்டில் திருட்டுப் போய்விட்டால் மறுநாள் காலையில் ஊரே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். கோல்கீப்பரின் உத்தியோகமும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். தடுத்த பந்துகளுக்குப் பலகையில் எண் ஏறுவதில்லை. விட்டுவிட்ட பந்துகளுக்கு மட்டும் தவறாமல் ஏறும்.

அந்த வாசலில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நின்ற ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். பெயர் நாஸர் ஹெஜாஸி. 1949ல் டெஹ்ரானில் பிறந்து, 2011ல் அதே டெஹ்ரானில் காலமானவர். நெடிய உருவம், எடுப்பான முகம், எதையும் மறைத்துப் பேசத் தெரியாத நாக்கு. இந்த மூன்றில் முதல் இரண்டும் அவருக்குப் புகழைக் கொடுத்தன. மூன்றாவது அந்தப் புகழைப் பல தடவை சங்கடத்தில் மாட்டிவிட்டது.

நான் கதை எழுதுகிறவன். பந்தாட்ட விமரிசகன் அல்ல. அவர் எந்தப் பந்தை எப்படிப் பாய்ந்து பிடித்தார் என்பதைவிட, அவருக்குக் கௌரவம் வந்த விதமும் வராமற் போன விதமுமே என் மனத்தை அதிகமாகப் பிடித்துக் கொண்டன. ஒரு மனிதனுடைய பெருமையைக் கடைசியில் யார் கணக்கெழுதுகிறார்கள்? சர்க்காரா, சங்கங்களா, ஜனங்களா? ஹெஜாஸியின் சரித்திரம் இந்தக் கேள்வியை நம் முன் வைக்கிறது.

ஹெஜாஸி 1967ல் சேர்ந்த கழகத்தின் பெயர் தாஜ். 1945ல் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சங்கமாகத் தொடங்கியது அது. பிறகு தாஜ் என்று பெயர் மாற்றிக் கொண்டது. பாரசீக மொழியில் தாஜ் என்றால் கிரீடம். தாஜ்மஹாலை அறிந்த நமக்கு அந்தச் சொல் புதிதல்ல. கிரீடம் என்று பெயர் வைத்துக் கொண்ட கழகத்துக்குக் கிரீடம் சூடிய மன்னரின் ஆதரவு இருந்ததில் ஆச்சரியம் இல்லை. ஷாவின் ஆட்சியில் எண்ணெய்ப் பணம் பெருகிய காலம் அது. நாடு நவீனமாகிவிட்டது என்று உலகத்துக்குக் காட்ட மன்னருக்கு ஆசை. அப்படிக் காட்டுவதற்குப் பந்தாட்டத்தைப் போல நல்ல மேடை வேறு கிடையாது.

1970ல் ஆசியக் கழகங்களுக்கான போட்டி டெஹ்ரானில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் தாஜ் கழகம் இஸ்ரேலின் ஹபோயல் டெல் அவீவ் கழகத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. அப்போது ஹெஜாஸிக்கு வயது 20. அடுத்த ஆண்டு டெஹ்ரானின் மேற்கே லட்சம் பேர் உட்காரக்கூடிய பெரிய மைதானம் ஒன்று திறக்கப்பட்டது. ஆரியமெஹர் என்று அதற்குப் பெயர். அது ஷாவின் பட்டப் பெயர்களில் ஒன்று. இந்தப் பெயரை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வந்த சில ஆண்டுகளில் ஆசியக் கண்டத்தில் ஈரானுக்கு நிகராக நின்ற அணிகள் குறைவு. 1972ல் பாங்காக்கில் ஆசியக் கோப்பை. 1974ல் டெஹ்ரானில் ஆசிய விளையாட்டுத் தங்கப் பதக்கம். 1976ல் மறுபடியும் ஆசியக் கோப்பை. இந்தக் கடைசிப் போட்டியில் ஈரான் அணி நான்கு ஆட்டங்கள் ஆடி ஒரு கோல்கூட வாங்கவில்லை. அதே ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் காலிறுதி வரை சென்று சோவியத் அணியிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது.

பிறகு உலகக் கோப்பை. 1978ல் அர்ஜென்டினாவில் நடந்த போட்டிக்கு ஆசியாவையும் ஓஷியானியாவையும் சேர்த்து ஒரே ஓர் இடம்தான். அதற்கு ஐந்து தேசங்கள் கடைசிச் சுற்றில் மோதின. ஈரான் எட்டு ஆட்டங்களில் ஆறில் வென்றது, இரண்டைச் சமன் செய்தது, ஒன்றிலும் தோற்கவில்லை. எட்டு ஆட்டங்களிலும் சேர்த்து வாங்கிய கோல்கள் மூன்றே மூன்று. ஈரான் முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போயிற்று.

அங்கே என்ன நடந்தது என்பதைச் சற்று விவரமாகப் பார்க்க வேண்டும். பலகையில் ஏறும் எண் எவ்வளவு உண்மை சொல்லும், எவ்வளவு மறைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதல் ஆட்டம் ஜூன் 3ந் தேதி மெண்டோசா நகரில், ஹாலந்துடன். 1974ல் இறுதி ஆட்டம் வரை வந்த அணி அது. இந்தத் தடவையும் இறுதி ஆட்டம் வரை போகப் போகிற அணி. ரென்சன்பிரிங்க் என்பவர் ஒருவரே மூன்று கோல் போட்டார். அவற்றில் இரண்டு பெனால்டி. இரண்டாவது ஆட்டம் கோர்டோபாவில், ஸ்காட்லாந்துடன். இடைவேளைக்குச் சற்று முன்பு கோலின் வாயில் ஏற்பட்ட ஒரு குழப்பத்தில் ஈரானின் பின்கள வீரர் எஸ்கந்தரியானே பந்தைத் தம் கோலுக்குள் தள்ளிவிட்டார். இடைவேளைக்குப் பிறகு டானாயிஃபர்ட் ஒரு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். உலகக் கோப்பையில் ஈரானின் முதல் கோல் அது. முதல் புள்ளியும் அன்று கிடைத்ததுதான். கோப்பையையே வெல்லப் போவதாகப் பேசிக் கொண்டு வந்திருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் தலை குனிந்து மைதானத்தை விட்டுப் போனார்கள். மூன்றாவது ஆட்டம் பெரு நாட்டுடன். நான்குக்கு ஒன்று என்று தோல்வி. அந்த நான்கில் மூன்று குபில்லாஸ் போட்டவை. அவற்றில் இரண்டு பெனால்டி.

ஆகக்கூடி மூன்று ஆட்டங்களில் ஹெஜாஸி காத்த வாசலுக்குள் எட்டுப் பந்துகள் போயின. எட்டு என்ற எண்ணைப் பார்க்கிறவன், காவல் சரியில்லை என்றுதான் சொல்வான். எண்ணைப் பிரித்துப் பாருங்கள். நான்கு பெனால்டி, பன்னிரண்டு கஜ தூரத்தில் பந்தை வைத்து ஓர் ஆள் உதைக்க, குறுக்கே வேறு யாரும் இல்லாமல் நிற்கிற தண்டனை அது. ஒன்று சொந்தக்காரனே தள்ளிய பந்து. மிச்சம் மூன்று கோல்கள்தான் எதிராளி ஆடிப் பாடுபட்டுப் போட்டவை. உலகத்தின் முதல்தரமான ஆட்டக்காரர்களுக்கு எதிரே மூன்று ஆட்டங்களில் மூன்று கோல். ஆனால் சரித்திரப் புத்தகத்தில் எட்டு என்றுதான் இருக்கிறது. என்றைக்கும் அப்படித்தான் இருக்கும்.

மைதானத்தில் நேராகப் பார்த்தவர்களுக்கு வேறு கணக்கு இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் அந்தக் காலத்தில் ஹெஜாஸியை வரவழைத்துப் பயிற்சியில் வைத்துப் பார்த்தது. ஆசியாவிலிருந்து ஓர் ஆட்டக்காரர் இங்கிலாந்தின் பெரிய கழகம் ஒன்றின் படி ஏறுவது அன்று கேள்விப்படாத சமாசாரம். ஒப்பந்தம் கைகூடவில்லை. ஹெஜாஸி ஊர் திரும்பினார்.

ஊரோ தலைகீழாகிக் கொண்டிருந்தது. 1978ல் தெருவெல்லாம் ஊர்வலம். தேசியப் பந்தாட்டப் போட்டி பாதியில் நின்றது. 1979 ஜனவரியில் ஷா நாட்டை விட்டுப் போனார். பிப்ரவரியில் புரட்சி வென்றது. கிரீடம் போனபின் கிரீடத்தின் பெயரில் கழகம் இருக்க முடியுமா? தாஜ் என்பது எஸ்தெக்லால் ஆயிற்று. சுதந்திரம் என்று அர்த்தம். ஆரியமெஹர் மைதானம் ஆஸாதி மைதானமாயிற்று. விடுதலை என்ற பொருளில் அந்தச் சொல் நம் தேசத்துக்கும் பழக்கமானதே. எதிர்க் கழகமான பெர்ஸெபோலிஸுக்கும் பிறகு வேறு பெயர் வைத்தார்கள். வாசலின் அகலம் மட்டும் அதே எட்டு கஜந்தான்.

ஆட்சி மாறும்போது மந்திரிகளுக்கும் தளபதிகளுக்கும் என்ன நேர்ந்தது என்பதைச் சரித்திரக்காரர்கள் எழுதிவிடுகிறார்கள். பாடகனுக்கும் நடிகனுக்கும் பந்தாட்டக்காரனுக்கும் என்ன நேர்ந்தது என்பதை எழுத ஆளில்லை. பழைய ஆட்சியில் புகழ் பெற்றவன் பழைய ஆட்சியின் ஆள்தானோ என்ற சந்தேகம் எளிதில் பிறக்கும். ஹெஜாஸியின் சமகாலத்தவர் சிலர் அயல்நாடு போய்விட்டார்கள். ஸ்காட்லாந்துக்கு எதிரே சொந்தக் கோலில் பந்தைத் தள்ளிய எஸ்கந்தரியான் 1979ல் அமெரிக்கா சென்று, நியூயார்க் காஸ்மாஸ் கழகத்தில் பல ஆண்டுகள் ஆடினார். ஹெஜாஸி போகவில்லை. 1980 செப்டம்பரில் குவைத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் ஈரானுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. அந்த மாதமே ஈராக்குடன் யுத்தம் மூண்டது.

பிறகு ஓர் உத்தரவு வந்தது. தேசிய அணியில் 27 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இடம் இல்லை. இளைஞர்களுக்கு வழி விட வேண்டும் என்பது சொல்லப்பட்ட நியாயம். பழைய முகங்களைப் புதிய ஆட்சி விரும்பவில்லை என்பது ஊரார் ஊகித்துக் கொண்ட நியாயம். எந்த நியாயமானாலும், முப்பது வயது நிரம்பிய ஹெஜாஸியின் சர்வதேச வாழ்க்கை அதோடு முடிந்தது. தேசத்துக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 60க்கு மேல்.

கோல்கீப்பருக்கு முப்பது வயது என்பது ஒரு வயதே அல்ல. ஓடுகிறவனுக்குக் கால் தளரும். நிற்கிறவனுக்கு அனுபவம் கூடும். 1982ல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது அதன் தலைவராக நின்று கோப்பையை வாங்கிய டினோ ஸோஃப் ஒரு கோல்கீப்பர். அப்போது அவருக்கு 40 வயது. ஹெஜாஸிக்கு அந்தக் கோடையில் 32. அவருடைய தேசம் அந்தப் போட்டியின் தகுதிச் சுற்றில்கூடக் கலந்து கொள்ளவில்லை. 1986 உலகக் கோப்பைக்கும் ஈரான் போகவில்லை. யுத்தத்தை முன்னிட்டு உள்ளூர் ஆட்டங்களை அயல் மண்ணில் ஆடச் சொன்னதற்கு மறுத்து விலக்கப்பட்டது. ஒரு மனிதனுடைய நல்ல ஆண்டுகள் இப்படிக் காகிதத்தில் ஒரு வரியால் கழிந்து போவதை நினைத்தால் மனசு கனக்கிறது. நாவலில் இதை எழுதினால், கதாபாத்திரத்தை ஆசிரியர் வேண்டுமென்றே வதைக்கிறார் என்பீர்கள்.

அவர் என்ன செய்தார்? 1986 வரை எஸ்தெக்லால் கழகத்துக்கு ஆடினார். தேசியப் போட்டி நின்று போய், டெஹ்ரான் நகரத்துக்குள்ளேயே கழகங்கள் மோதிக் கொண்ட காலம் அது. வானத்திலிருந்து குண்டு விழக்கூடிய நகரத்தில் ஜனங்கள் ஆஸாதி மைதானத்துக்குப் பந்தாட்டம் பார்க்கப் போய்க் கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் சென்ற இடம் நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. 1987ல் வங்காள தேசத்தின் டாக்கா நகரத்துக்கு, முகம்மதன் கழகத்தின் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் போனார். கல்கத்தாவுக்கு மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் எப்படியோ, டாக்காவுக்கு முகம்மதனும் அபாஹானியும் அப்படி. மழைக்காலத்துச் சேற்றில் ஆடுகிற அந்த ஊரில் ஈரானின் பழைய நட்சத்திரம் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆசியக் கழகப் போட்டி ஒன்றில் முகம்மதன் கழகம் டெஹ்ரானின் பெர்ஸெபோலிஸை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்தது. வாழ்நாள் முழுவதும் தாஜ் கழகத்தின் எதிரியாக நின்ற பெர்ஸெபோலிஸை, வங்காளத்துப் பிள்ளைகளைக் கொண்டு ஹெஜாஸி வென்றுவிட்டார்! எஸ்தெக்லால் அபிமானிகள் டெஹ்ரானில் அன்றிரவு எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று கற்பனை செய்ய அதிகச் சிரமம் வேண்டாம்.

ஊர் திரும்பிப் பல கழகங்களுக்குப் பயிற்சி அளித்தபின், பழைய வீட்டுக்கே பயிற்சியாளராக வந்தார். 1998ல் எஸ்தெக்லால் ஈரானின் சாம்பியன் ஆயிற்று. 1999 ஏப்ரலில் ஆசியக் கழகங்களின் இறுதி ஆட்டம் ஆஸாதி மைதானத்திலேயே நடந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். எதிரே ஜப்பானின் ஜுபிலோ இவாட்டா. இரண்டுக்கு ஒன்று என்று எஸ்தெக்லால் தோற்றது. 1970ல் ஆட்டக்காரராக வென்ற பரிசைப் பயிற்சியாளராகவும் வெல்லும் வாய்ப்பு ஒரு கோலில் தப்பியது. 2007ல் அதே கழகம் அவரை மறுபடி அழைத்து, அதே ஆண்டிலேயே அனுப்பியும் விட்டது.

இனிக் கௌரவத்தின் கதைக்கு வருவோம். பந்தாட்டச் சரித்திரத்தையும் புள்ளிவிவரங்களையும் தொகுக்கும் சர்வதேசச் சங்கம் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் ஆசியக் கோல்கீப்பர்களை வரிசைப்படுத்தியபோது, சவூதி அரேபியாவின் அல் தெயியாவுக்கு அடுத்தபடி ஹெஜாஸியை இரண்டாவதாக வைத்தது. கௌரவந்தான். ஆனால் முதல்வருக்குப் பல உலகக் கோப்பைகள் கிடைத்தன. இரண்டாமவருக்கு ஒன்றோடு கதவு அடைந்தது.

அவருக்குப் பின் ஈரானின் வாசலில் நின்ற பெரியவர் அஹமத் ரெஸா அபெத்ஸாதெ. 1998ல் லியோன் நகரில் அமெரிக்காவை ஈரான் வென்றபோது தலைவராக நின்றவர். நோய் வந்து ஆட்டத்தை விட நேர்ந்த அவருக்கு 2006 ஜனவரியில் ஆஸாதி மைதானத்தில் ஒரு வழியனுப்பு ஆட்டம் வைத்தார்கள். ஜெர்மனியிலிருந்து பாயர்ன் மியூனிக் கழகமே வந்து ஆடியது. அவருக்கு அது தகும். தேசிய அணியை விட்டு ஓர் உத்தரவால் விலகிய ஹெஜாஸிக்கு அந்த நாளில் வழியனுப்பு ஏது?

2005ல் அவர் வேறொரு வாசலைத் தட்டினார். ஜனாதிபதித் தேர்தலுக்கு மனுப் போட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மனுக் கொடுத்த தேர்தல் அது. யார் நிற்கலாம் என்று தீர்மானிக்கும் காவல் சபை மிகச் சிலரை மட்டும் அனுமதித்தது. ஹெஜாஸி அவர்களில் இல்லை. பந்தாட்டக்காரனுக்கு ஜனாதிபதி ஆசையா என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்முடைய புகழ் எதற்காவது பயன்படுமா என்று ஒரு மனிதர் சோதித்துப் பார்த்ததாகவே எனக்குப் படுகிறது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. உடம்பு இளைத்தது, தலைமுடி போயிற்று, நாக்கு மட்டும் இளைக்கவில்லை. 2010 டிசம்பரில் அரசாங்கம் ரொட்டிக்கும் பெட்ரோலுக்கும் கொடுத்து வந்த மானியத்தைக் குறைத்தது, விலைகள் ஏறின. 2011 வசந்தத்தில் நோயாளியான ஹெஜாஸி பத்திரிகைப் பேட்டியில் அரசாங்கத்தைக் கண்டித்தார். எண்ணெய் வளம் மிக்க தேசத்தில் ஜனங்கள் வறுமைப்படுவதைப் பற்றிப் பேசினார். ஆளுகிறவர்களுக்கு இது ரசிக்கவில்லை. சாகப் போகிறவனிடம் எதைப் பறிக்க முடியும்? பதவியா, பட்டமா, அணியில் இடமா? எல்லாம் முன்பே பறிபோய்விட்டன அல்லவா?

மே 20ந் தேதி எஸ்தெக்லாலின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கொண்டிருக்கையில் நினைவிழந்தார். 23ந் தேதி உயிர் பிரிந்தது. 61 வயது. இரண்டு நாட்களுக்குப் பின் அவருடைய உடலை ஆஸாதி மைதானத்துக்குக் கொண்டு வந்தார்கள். அன்று ஆட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடினார்கள். இறுதி மரியாதைக்கு நடுவே ஆட்சிக்கு எதிரான கோஷங்களும் எழுந்தன. பிறகு பெஹெஷ்தெ ஸஹ்ரா இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

இங்கே ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஜனங்கள் ஹெஜாஸிக்காக அழுதார்களா, தங்களுக்காக அழுதார்களா? தெருவில் கூடிக் குரல் எழுப்ப வழியில்லாத காலம் அது. 2009 தேர்தலுக்குப் பின் கூடியவர்கள் அடிபட்டுச் சிறைப்பட்டது எல்லாருக்கும் நினைவிருந்தது. ஒரு பந்தாட்டக்காரரின் மரண ஊர்வலத்தில்தான் அவர்களால் கூட முடிந்தது. அப்படியானால் அங்கே கிடைத்த மரியாதை ஹெஜாஸிக்கு உரியது அல்ல, அவர் ஒரு சாக்கு மட்டுமே என்று வாதிடலாம். வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆனால் அதே ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இறந்து போகிறார்கள். எல்லாருடைய பாடையின் பின்னாலும் ஜனங்கள் தங்கள் துக்கத்தைக் கொண்டு வந்து சேர்ப்பதில்லை. நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் மனிதன் வாய் திறந்து அழுவான். போய்விட வழி இருந்தும் திரும்பி வந்தவர். வெளியே தள்ளிய பிறகும் உள்ளூர் மைதானத்தில் ஆடியவர். மரணப் படுக்கையிலும் ரொட்டி விலையைப் பேசியவர். ஜனங்கள் அவரைச் சாக்காக வைத்துக் கொண்டார்கள் என்றால், அதற்குத் தகுதியான ஆளாக அவர் இருந்தார் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

சர்க்கார் கொடுக்கும் கௌரவத்துக்கு முத்திரை உண்டு, தேதி உண்டு, பறிக்கும் அதிகாரமும் கூடவே உண்டு. கிரீடத்தின் பெயரால் கொடுத்ததை மற்றொரு பெயரால் எடுத்துக் கொள்ளலாம். ஜனங்கள் கொடுப்பது தாமதமாக வரும். பல சமயம் வாங்கிக் கொள்ள ஆள் இருப்பதில்லை. பத்திரப்படுத்தி வைக்கவும் அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதைத் திருப்பி வாங்கும் உத்தரவை இதுவரை எந்தச் சர்க்காரும் எழுதியதில்லை.

1978ன் கணக்கில் எட்டு என்பது எட்டாகவே இருக்கிறது. அதை யாரும் திருத்தப் போவதில்லை. எண் ஏறாமல் போன பந்துகளை, அதாவது அவர் தடுத்து நிறுத்திய பந்துகளை, ஞாபகத்தில் வைத்துக் கொண்டிருந்தவர்கள் எவ்வளவு பேர் என்பது 2011 மே மாதத்தில் ஒரு காலைப் பொழுதில்தான் தெரிய வந்தது.